பினாயில் மேடம் போட்ட நிபந்தனை

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குப் பினாயில் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் மேடம். முதுகு திரும்பியதும் பினாயில். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து ஒன்றும் அவள் வருத்தப்பட்டதில்லை. இந்த ஆபீசில் ஒருத்தரையாவது பார்த்தால் இவர்களுக்குச் சுத்தம் ஞாபகம் வருகிறதே, நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

அருவருப்பு அவள் கூடவே பிறந்தது. கதவை முழங்கையால் தள்ளித்தான் திறப்பாள். ஆபீஸ் டம்ளரில் வாய் வைக்க மாட்டாள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற ஆளைக் கண்டால் அவள் முகம் கோணிக்கொண்டு போகும். அந்த ஃபைல் தன் மேஜைக்கு வந்தால் ஓரமெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பிரிப்பாள். வீட்டிலும் இதே கூத்து. கால் கழுவாமல் வாசற்படி தாண்ட முடியாது. "என் வீட்டுக்குள்ள போறதுக்கு நானே விசா வாங்க வேண்டியிருக்கு" என்பார் வீட்டுக்காரர்.

ஆனால் உண்மையில் அவளுக்குக் குமட்டல் எடுத்தது அழுக்கு ஃபைல்களால் அல்ல, அவற்றில் எழுதியிருந்த சங்கதிகளால். ஊருக்குப் பொதுவான இடத்தைத் தனி ஆள் பயன்படுத்திக்கொள்ள நகராட்சி ஒப்பந்தம் போடும். அந்த ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்து, ஓட்டை இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. நடைபாதையில் மேஜை நாற்காலி போட்டுக்கொள்ள ஓட்டல்காரர் ஒருத்தர் வருவார். விளக்குக் கம்பத்தில் தன் கம்பியைக் கட்டிக்கொள்ள ஒருத்தர் வருவார். பூங்காவில் பாதியை வளைத்து வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்க இன்னொருத்தர். எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: பொதுமக்கள் நலன் கருதி. கருதிக் கருதியே பூங்காவில் பாதி போயிற்று. கருதினவர் யார் என்று கேட்டால் மட்டும் ஆளைக் காணோம்.

அவள் லேசில் விடமாட்டாள். "தேவையான அளவு இடம்" என்று எழுதியிருந்தால் "யாருக்குத் தேவையான அளவு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவாள். சூப்பிரண்டு தலையில் அடித்துக்கொள்வார். நல்ல மனிதர்தான், ஆனால் முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு ஆபீசுக்கு வருகிற ரகம். மேலே இருந்து ஃபோன் வந்தால் நின்றுகொண்டு பேசுவார்.

அவள் இத்தனை வருஷத்தில் எழுதியதிலேயே பெருமைப்பட்டுக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனை. அது மார்க்கெட்டில் இருக்கும் பெண்கள் கழிப்பறை ஒப்பந்தத்தில் எட்டாவதாக வரும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய அக்காவுக்கு அந்த மார்க்கெட் மூலையில் ஒரு தையல் மிஷின். ஜிப் மாற்றுவது, பேன்ட் அடி மடிப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. மிஷின் ஓடினால்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரியும். அக்காவைப் பார்க்கப் போன ஒரு மத்தியானம் இவளுக்கு அவசரமாகி, அந்தக் கழிப்பறைக்குள் கால் வைத்தாள். வைத்த வேகத்தில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அக்காதான் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க இதுலதாண்டி தினம் போறோம்" என்று அக்கா சொன்னாள், புகாராகக்கூட இல்லை, சும்மா.

அந்தச் சமயம் பார்த்துத்தான் போர்டுக்காரர் வந்தார். ஊர் முழுக்க விளம்பரப் போர்டு வைப்பது அவர் தொழில். கழிப்பறையைத் தன் செலவில் புதுப்பித்துப் பராமரிப்பதாகச் சொன்னார். பதிலுக்கு, நாற்சந்தியைப் பார்த்து நிற்கும் அதன் மூன்று சுவரிலும் அவர் போர்டு வைத்துக்கொள்ளலாம், முன்னால் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தம் இவள் மேஜைக்கு வந்தது. வாந்தியின் புளிப்பு இன்னும் தொண்டையில் இருக்கும்போதே எழுதினாள்: கழிப்பறை எந்நேரமும் சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்காக இருப்பது சோதனையில் தெரிந்தால் அபராதம், மூன்று தடவை அப்படித் தெரிந்தால் போர்டுகள் அத்தனையும் அகற்றப்படும். போர்டுக்காரர் முனகினார், பேரம் பேசினார், கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு வந்த சோதனை அறிக்கை ஒவ்வொன்றிலும் "மிகச் சுத்தம்" என்றிருந்தது. கூடவே புகைப்படங்கள். வெள்ளை ஓடுகளில் முகம் பார்க்கலாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் அந்தப் படத்தைக் காட்டுவாள். "நிபந்தனைன்னா இப்படி எழுதணும். பல்லு இருக்கணும்" என்பாள். வாந்தி எடுத்த நாளிலிருந்து அந்த மார்க்கெட் பக்கமே போகாதவள், அக்காவிடமும் கேட்டாள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"ரொம்பச் சுத்தமா இருக்குடி" என்றாள் அக்கா.

ஒப்பந்தம் முடியப்போகிற நேரம், புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. ஃபைல் மேஜையில் இருந்தது. படிக்க என்ன இருக்கிறது, நம்முடைய எழுத்துதானே என்று அவள் பேனாவை எடுக்கும்போது ஃபோன் வந்தது. அக்கா மிஷின் மேலேயே சரிந்துவிட்டாள். குளிர்காய்ச்சல், இடுப்பில் தாங்க முடியாத வலி. பக்கத்துக் கடை வெங்காயக்காரிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. "கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இது முதல் தடவை மாதிரியும் தெரியல. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னிக்கு நான் பொறுப்பில்ல." பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "தண்ணி குடிப்பீங்களா?"

"வீட்டுல குடிப்பேன்."

"கடையில?"

அக்கா தங்கை முகத்தைப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள். "கடையில குடிச்சா போகணுமே. அது பூட்டியிருக்கும்."

"எது பூட்டியிருக்கும்?" என்றாள் இவள். "அக்கா, எது பூட்டியிருக்கும்?"

"கோவிச்சுக்காத. நீ அவ்வளவு ஆசையா கேட்ட. சுத்தமா இருக்குன்னுதானே சொன்னேன், பொய் சொல்லலையே. இன்ஸ்பெக்ஷனுக்குத் தெறப்பாங்க, அப்ப எட்டிப் பார்த்தேன்."

மார்க்கெட் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று அக்கா அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலர் பழைய கிடங்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். ஒருத்தி ஒதுங்க, ஒருத்தி காவல். அக்காவுக்குக் கூச்சம், அங்கே போக மாட்டாள். காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் திரும்ப வீட்டுக்குப் போய்த்தான். உதடு வெடித்தாலும் தண்ணீர் தொடுவதில்லை.

அவள் நேராக மார்க்கெட்டுக்குப் போனாள். கட்டடம் ஜோராக நின்றது. மூன்று சுவரிலும் சிரிக்கிற முகங்கள், ஒன்று பற்பசைக்கு, ஒன்று நகைக்கு, ஒன்று வீட்டுக் கடனுக்கு. முன்னால் செல்ஃபோன் உறை விற்கிற கடை. கடைக்குப் பக்கத்தில் கழிப்பறைக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். புகைப்படத்தில் இருந்த அதே ஓடு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பினாயில் வாசனை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசனை அவளுக்குக் குமட்டியது.

போர்டுக்காரர் மறுநாள் ஆபீசுக்கு வந்திருந்தார். கத்தலாம் என்றுதான் போனாள். அவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"நீங்க போட்ட நிபந்தனைதான் மேடம். பொம்பளைங்க போனா அழுக்காகும். அழுக்கானா அபராதம். மூணு தடவை ஆச்சுன்னா போர்டு போச்சு. ஆரம்பத்துல கொஞ்ச நாள் தெறந்து வச்சுப் பார்த்தேன், கட்டுப்படி ஆகல. பூட்டிட்டேன். இப்ப பாருங்க, எந்நேரமும் சுத்தம். தெறந்து வைக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா, சொல்லுங்க."

அவள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் இருக்க வேண்டும், தண்ணீர் இணைப்பு இருக்க வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாம் இருந்தது. கழிப்பறை என்றால் திறந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டது மட்டும் எதிலும் இல்லை. ஊரான் ஒப்பந்தத்தில் எல்லாம் ஓட்டை தேடியவள் தன் எழுத்தில் இருந்த பொந்தைப் பார்க்கவில்லை. பார்க்காத அந்தப் பொந்து வழியாகப் போனது அக்காவின் உடம்பு. அவளுக்குத் தன்னை நினைத்தே உடம்பு கூசியது.

அழுத்தமாக ஆட்சேபணை எழுதினாள். மார்க்கெட் நடக்கும் நேரமெல்லாம் கதவு திறந்திருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். சூப்பிரண்டு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்ததில்ல மேடம். சுத்தத்துக்குக் கேடயம் வேற குடுத்திருக்காங்க நமக்கு. இப்ப போய் இதைக் கிளறணுமா? அப்படியே புதுப்பிக்கச் சொல்லி மேல இருந்து சொல்லியாச்சு."

"எங்க அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா சார்."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? போர்டுக்காரர்கிட்ட பேசி உங்க அக்காவுக்கு மட்டும் தனியா ஒரு சாவி வாங்கித் தரேன். அவங்க போய்ட்டு வந்து பூட்டிக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

எல்லாருக்கும் பொதுவானதை ஒருத்தருக்குத் தனியாகத் தருவதற்கு, இந்த ஆபீசில் இவ்வளவு சுலபமாக வழி இருந்தது. சீ என்று அவர் மேஜையிலேயே துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். அவள் துப்பவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. அக்கா கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார முடியாது. சாவி கிடைத்தால் அக்கா பிழைப்பாள். அவ்வளவுதானே வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் சொன்னாள்.

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நான் பூட்டைத் தெறந்து உள்ள போறப்போ வெங்காயக்காரி எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பாளே" என்றாள். "என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தவடி அவ. அப்புறம் அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? எனக்கு வேண்டாம். நான் தண்ணி குடிக்காமயே சமாளிச்சுக்கிறேன்."

பழைய ஒப்பந்தம் முடிகிற நாள் வந்தது. அதற்குள் அக்காவும் மாத்திரைப் பையோடு மிஷினுக்குத் திரும்பியிருந்தாள். அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. குத்தகை முடிகிற அன்று குத்தகைக்காரர் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். ஒப்பந்தம் படித்த அதிகாரி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் அதே சாவி அதே கைக்குத் திரும்பிப் போகும். இடையில் எல்லாரும் ஒரு டீ குடிப்பார்கள். சாவியை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

போர்டுக்காரர் சாவியை வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். டீ வந்தது. சூப்பிரண்டு புது ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார், பழையது எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. அவள் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், சாவி" என்றார் சூப்பிரண்டு.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதியிருக்கேனே சார். பெற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பூட்டு எண்ணெய் போட்டு வழவழவென்று இருந்தது, சட்டென்று திறந்துகொண்டது. கதவைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டு நின்றாள். முதலில் யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்தார்கள். "வாங்க, போங்க" என்று அவள் கூப்பிட்டதும் வெங்காயக்காரி எழுந்து வந்தாள், அப்புறம் பாத்திரக்கடைக்காரி, அப்புறம் ஒரு கூட்டமே. மத்தியானத்துக்குள் வெள்ளை ஓடு சேறாகிவிட்டது. தண்ணீர் சரியாக வரவில்லை. வாடை வாசல் வரை வந்தது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாளியும் துடைப்பமுமாக அவளே உள்ளே இறங்கினாள். கழுவினாள், வெளியே வந்து ஓங்கரித்தாள், மறுபடி போய்க் கழுவினாள். அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள்.

போர்டுக்காரரும் வந்து சேர்ந்தார். செல்ஃபோனை எடுத்து ஈரத்தையும் அழுக்கையும் படம் பிடித்தார். ஓங்கரித்துக்கொண்டிருந்த அவளையும் சேர்த்துப் பிடித்தார்.

கூட்டம் குறைந்த பிறகுதான் அக்கா மிஷினை விட்டு எழுந்து வந்தாள். டாக்டரம்மாவுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடித்திருந்தாள். உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"என்னக்கா?"

"வரலடி" என்றாள் அக்கா. "முட்டிக்கிட்டு நிக்குது, ஆனா வரல. அடக்கி அடக்கியே பழகிட்டேன். இங்க உட்கார்ந்தா வரமாட்டேங்குது."

மறுநாள் சூப்பிரண்டு மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாவி நடுவில் இருந்தது. போர்டுக்காரர் படங்களைக் காட்டினார். "ஒரே நாள்ல பாருங்க சார். மேடம் இனிமே பூட்ட விடமாட்டாங்க. தெறந்தா இப்படித்தான் இருக்கும். எட்டாவது நிபந்தனை இருந்தா எனக்கு இந்த ஒப்பந்தம் வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க."

சூப்பிரண்டுக்கு வியர்த்தது. மேலே இருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. அவளுக்கு வேறு கணக்கு. போர்டுக்காரர் போய்விட்டால் கழிப்பறை நகராட்சி கைக்கு வரும். நகராட்சி கைக்கு வந்த கழிப்பறைகளை அவளுக்குத் தெரியும். பழுது பார்க்கும் பணி நடக்கிறது என்று ஒரு அட்டை தொங்கும், அந்த அட்டை மக்கி விழுகிறவரைக்கும் பூட்டும் தொங்கும்.

"எட்டாவது நிபந்தனையை எடுத்துடலாம்" என்றாள்.

சூப்பிரண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா மேடம்?"

"அபராதம் வேண்டாம், எதுவும் வேண்டாம். அந்த இடத்துல ஒரே வரி. மார்க்கெட் நடக்கிற நேரமெல்லாம் கதவு திறந்திருக்கணும். பூட்டினா அன்னிக்கே போர்டு மூணும் இறங்கும்."

"அழுக்கா இருந்தா கேட்க மாட்டீங்களே?" என்றார் போர்டுக்காரர்.

"கேட்க முடியாது."

அவர் உடனே ஒத்துக்கொண்டார். திறந்து வைப்பதில் அவருக்கு என்ன கஷ்டம், இனிமேல் கழுவ வேண்டிய தலைவிதியும் இல்லை. எழுந்து கை கொடுத்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊரிலேயே சுத்தத்துக்குப் பேர்போனவள், ஒரு கழிப்பறை நாறுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டுக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

அடுத்த சோதனை அறிக்கையில் "மிக மோசம்" என்று வந்தது. கேடயம் வேறு ஊருக்குப் போயிற்று. பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் எந்தப் படமும் காட்டுவதில்லை. தன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தினமும் மார்க்கெட்டுக்கு ஃபோன் போட்டாள். பல நாள் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள், போனேன், வரல.

ஒரு நாள் மிஷின் சத்தத்துக்கு நடுவே அக்கா ஃபோனை எடுத்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நாறுதுடி. கொடலைப் புடுங்குது. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள போகணும்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"போனியா?"

மிஷின் சத்தம் நின்றது. "போனேன்" என்றாள் அக்கா. "வந்துச்சு."